போகியன்று காணாமல் போன குரல்

என் வீட்டுக்காரர் செந்தமிழ்செல்வனுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அறுந்த ஒயர், செத்த கீபோர்டு, எதற்கென்று அவருக்கே தெரியாத அடாப்டர் என்று பாதி கடையில் கிடக்கும், மீதி கீரப்பாளையத்து வீட்டில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அறையிலிருந்து அடுப்பங்கரைக்குப் பன்னிரண்டு எட்டு எடுத்து வைக்க வேண்டும். அதற்குள் இரண்டு பெட்டியிலாவது கால் இடித்துக்கொள்வேன்.

"போகிக்காவது இதெல்லாம் எடுத்துப் போடுங்க மாமா" என்று வருஷா வருஷம் கேட்பேன். "ஆவட்டும் மதி, ஆவட்டும்" என்பார். இந்த வருஷம் நிஜமாகவே போகி கொண்டாடினார். வீட்டிலில்லை, என் லேப்டாப்பில்.

அது பழைய லேப்டாப், லினக்ஸ் போட்டது. திரையில் இருப்பதை எனக்குப் படித்துக் காட்ட அதில் ஓர்கா என்று ஒரு மென்பொருள் உண்டு. கல்யாணமான புதிதில் அவர்தான் போட்டுக் கொடுத்தார். தகரத்தில் பேசுகிற மாதிரி ஒரு குரல். ஆறு வருஷமாக அவர் குரலுக்கு அடுத்தபடி நான் அதிகம் கேட்பது அதைத்தான்.

போகியன்று மாலை ஐந்து மணிக்குள் நான் ஒரு வேலை அனுப்ப வேண்டியிருந்தது. விவசாயிகளின் பேச்சுப் பதிவுகளை எழுத்தாக்கும் ஒரு சென்னை அலுவலகம், பரீட்சார்த்தமாக ஒரு பதிவைக் கொடுத்திருந்தது. சரியாக வந்தால் வீட்டிலிருந்தே நிரந்தர வேலை. முப்பத்து நாலு வயதில் முதல் முறையாக என் பெயருக்கென்று ஒரு உத்தியோகம். அடித்து முடித்தாயிற்று, கடைசியாக ஒருமுறை கேட்டுத் திருத்த வேண்டியதுதான் பாக்கி.

போளி சுட்டு முடித்து மூன்றரை மணிக்கு வந்து உட்கார்ந்தேன். லேப்டாப் பேசவில்லை. காற்றாடிச் சத்தம் கேட்கிறது, விசை அழுந்துகிறது, குரல் மட்டும் இல்லை. அவரோ தேவனாம்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனியின் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போயிருந்தார். போனைப் போட்டேன்.

"மாமா, என் மிஷின் பேச மாட்டங்குது."

"வால்யூம் ஏத்துனியா?"

"மாமா!"

அந்த ஒரு அதட்டலிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"காலைல உன் மிஷின்ல எடம் பத்தலன்னு கொஞ்சம் ஐட்டத்த எடுத்தேன் மதி. எல்லாம் ஆப்ஷனல் லிஸ்ட்ல இருந்ததுதான்…"

விஷயம் இதுதான். லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருள் பொதியும், அதாவது பேக்கேஜும், ஒரு முன்னுரிமைச் சீட்டோடுதான் வரும். இது இல்லாவிட்டால் சிஸ்டமே ஓடாது என்பவை கட்டாயம். அதற்கு அடுத்து முக்கியம், பிறகு வழக்கமானவை. மீதி அத்தனையும் விருப்பம், அதாவது ஆப்ஷனல். அந்தக் கடைசிப் பட்டியலிலிருந்து வேண்டாததென்று சிலவற்றை அவர் நீக்கச் சொல்லியிருக்கிறார். அவற்றை நம்பியிருக்கும் இன்னும் சிலதும் கூடவே போகும் என்று சிஸ்டம் பெயர்களை அடுக்கிக் காட்டியிருக்கிறது. நடுவில் ஓர்காவும் இருந்திருக்கிறது. படிக்காமலே சரியென்று தட்டிவிட்டு பைக்கை எடுத்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "முடிந்தால் பார்க்கலாம்" என்பதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். பஸ்ஸில், பரீட்சையில், எங்கேயும் எனக்கானது கடைசிப் பட்டியல்தான். இவர் வீட்டிலுமா?

"அப்பறமா திட்டு, இப்ப வீடியோ கால்ல வா" என்றார். போனைத் திரைக்கு நேராக டம்ளரில் சாய்த்து வைத்தேன்.

"கொஞ்சம் எடது பக்கம்… இன்னும்… ஆங், தெரியுது. கன்ட்ரோல், ஆல்ட், டி மூணையும் சேத்து அமுக்கு."

ஓர்காவை மறுபடி இறக்கும் கட்டளையை அவர் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல அடித்தேன். கருங்கல்லில் அடிப்பது மாதிரி இருந்தது, பதிலே இல்லை. "சரியா வுழுந்துதா?" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் கேட்டேன். "வுழுந்துச்சு" என்று அலுக்காமல் சொன்னார். பாஸ்வேர்டு அடிக்கும்போது மட்டும், "இப்ப எனக்கும் ஒண்ணும் தெரியல மதி. இதுல கண்ணு இருக்கறவங்களுக்கும் எதுவும் காட்டாது" என்றார். அந்த ஒரு வரியில் நாங்கள் இருவரும் சமம். அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது.

மணி நாலே காலுக்குப் பொதி இறங்கி முடிந்தது. ஆல்ட், விண்டோஸ் விசை, எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன்.

"ஸ்கிரீன் ரீடர் ஆன்" என்றது தகரக் குரல். போனில் அவர் மூச்சு விடுவது கேட்டது. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வேலையை அனுப்பிவிட்டேன். காணும் பொங்கல் கழிந்து வேலைக்கு எடுத்துக்கொண்டதாகப் பதிலும் வந்தது.

ஆனால் அன்று சாயங்காலம் அது தெரியாதே. அவர் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தச் சீட்டு, மிஷினுக்கு எது வேணும்னு எழுதுனது மதி. மிஷின் முன்னாடி யாரு ஒக்காந்திருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல? தப்பு எம்மேலதான்."

பிறகு ஒரு கட்டளையைச் சொன்னார். தானே தட்டியிருக்கலாம், ஆனால் "நீயே அடி" என்றார். அடித்தேன். "ஓர்கா செட் ஆன் ஹோல்ட்" என்று அந்தக் குரலே படித்தது.

"அப்படின்னா?"

"இனிமே அதுமேல யாரு கை வச்சாலும் மொதல்ல தடுக்கும். நான் வச்சாலும்."

ஒரு போளியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

பொங்கலன்று காலை பால் வைக்க எழுந்தேன். வழக்கம்போல் எண்ணிக்கொண்டே காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். நாலாவது எட்டில் இடிக்க வேண்டிய பெட்டி இல்லை. ஒன்பதாவதில் இருந்ததும் இல்லை. பன்னிரண்டாவது எட்டில் அடுப்பு மேடை கையில் பட்டது. அப்படியே நின்று அழுதேன்.

"என்னா மதி, எங்க இடிச்சுக்கின?" என்று வாசலிலிருந்து ஓடி வந்தார்.