காலிதாவின் தகர எஞ்சின்கள்

பாம்பன் ஸ்டேஷனைத் தாண்டித் தனுஷ்கோடிப் பக்கம் நாலு எட்டு வைத்தால், தண்டவாளத்துக்குத் தெற்கே ஒரு வீடு. கொல்லைக் கதவைத் திறந்தால் ரயில் மூக்கில் இடித்துவிடுமோ என்று பயமாக இருக்கும். வண்டி போனால் அலமாரிச் சாமானெல்லாம் கலகலவென்று ஆடும். விருந்தாளிகள் யா அல்லாஹ் என்று எழுந்து நின்றுவிடுவார்கள். வீட்டுக்காரி காலிதா மட்டும் ஒரு கையால் தேத்தண்ணிக் கிளாஸை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, விட்ட பேச்சை விட்ட இடத்திலேயே தொடருவாள்.

அவள் புருஷன் அப்துல் குத்தூஸ் கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார். வருஷம் ஒரு தடவை கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, போட் மெயிலில் பாம்பனுக்கு வருவார். ஒரு மாதம் இருப்பார், மறுபடி அதே வழியில் போய்விடுவார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்ததைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷம் முழுசாகத் தேறாது. பிள்ளையும் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்குக் காலிதா கொடுத்த பதிலில் இரண்டாம் தடவை யாரும் கேட்டதில்லை.

கடல் தாண்டிப் பிழைக்கப் போகிறவரை அங்கே சபுராளி என்பார்கள். சபுராளி வீட்டுப் பெண்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. போகிறவரை 'போகாதீங்க' என்று சொல்லக் கூடாது. அவர் போகிற திக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடாது. துஆ ஓதி ஸலாம் சொன்னோமா, உள்ளே வந்து கதவைச் சாத்தினோமா என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பயணம் நொண்டும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். மற்ற பெண்கள் அந்த ஒரு நாளோடு விட்டுவிடுவார்கள். காலிதா எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளா? தனுஷ்கோடிக்குப் போகிற மத்தியான வண்டி கூவினாலே கொல்லைக் கதவைத் தாழ் போட்டுவிடுவாள், வருஷத்தின் எல்லா நாளும்.

சாயங்காலம் தனுஷ்கோடியிலிருந்து திரும்பி வருகிற வண்டிக்கு இந்தச் சட்டம் கிடையாது. அதற்குக் கதவு விரியத் திறந்திருக்கும். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நிலையில் சாய்ந்து, எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரைக்கும் கண் கொட்டாமல் பார்ப்பாள். குத்தூஸ் வர ஒன்பது மாதம் கிடந்தாலும் பார்ப்பாள்.

எஞ்சின் கிறுக்கு அவளுக்குப் பிடித்தது தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில். அந்த வருஷம் குத்தூஸ் தன் தங்கை மஜீதாவின் பையனுக்கு என்று கொழும்பு நடைபாதைக் கடையில் ஒரு பொம்மை எஞ்சின் மலிவாக வாங்கி வந்தார். யாரோ வெள்ளைக்காரப் பிள்ளை விளையாடித் தீர்த்த தகர எஞ்சின். சாயம் உரிந்து, சாவி தொலைந்து, ஒரு சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது. மஜீதா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். எங்க வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டை உடைசல்தான் கிடைச்சதாக்கும் என்று வைத்துவிட்டுப் போனாள். பாவம், குத்தூஸுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. காலிதாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவர் கப்பலேறிப் போன பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புகைபோக்கிக்கு விளிம்பு இல்லை, ஏறுவதற்குப் படி இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, விளக்கு என்று பார்த்தால் ஒரு மஞ்சள் பொட்டு. இதைச் செய்தவன் ரயிலைப் பார்த்தே இருக்க மாட்டான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தாள்.

பால் டப்பாத் தகரம் வெட்டுப்பட்டுப் படியானது. கொண்டை ஊசி நிமிர்ந்து பிடிகம்பியானது. குடைக்கம்பி, கொதிகலன் ஓரமாக ஓடும் தடித்த குழாயானது. ரவிக்கை பிரஸ் பட்டன் ஒன்று விளக்கு வளையமாக உட்கார்ந்தது, அதற்குள்ளே உடைந்த வளையல் கண்ணாடி. ஆணித் தலைகள் தெரிய வேண்டுமே? தகரத்தைத் திருப்பிப் போட்டு உள்ளேயிருந்து ஊசியால் வரிசையாகக் குத்தினாள். வெளியே பொடிப் பொடியாகப் புடைத்துக்கொண்டு வந்தது. ஒட்டுவதற்கு அரக்கு. கறுப்புக்கு விளக்குக் கரியை வார்னிஷில் குழைத்துப் பூசினாள். மீன் விற்கிற கருத்தம்மாள் தண்டவாள ஓரத்தில் பொறுக்கிக் கொண்டுவந்த கரியைப் பொடித்துப் பின்பெட்டியில் கொட்டினாள். தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, பழைய சுவர்க் கடிகாரச் சாவியைப் போட்டு முறுக்கினால், அட, ஓடுகிறது!

மஜீதாவுக்குச் சேதி எட்டியது. மதினி, அது எம்புள்ளைக்கு வாங்கினதாச்சே என்று இழுத்தாள். ஓட்டை உடைசல் உம்புள்ளைக்கு ஆகாதேம்மா என்று காலிதா சிரித்துக்கொண்டே எஞ்சினை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஒரு வாரம் போகட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டு, பிறகு அவளே பையனைக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

மறு வருஷம் குத்தூஸின் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே மூன்று உடைந்த எஞ்சின்கள் இருந்தன. அதற்கடுத்த வருஷம் ஐந்து. கொழும்பில் மற்ற ஆட்கள் வீட்டுக்குச் சென்ட்டும் சோப்பும் வாங்க, இந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமையானால் சக்கரம் போன பொம்மையைத் தேடி அலைந்தார். நகை கேட்காத பொஞ்சாதி கிடைத்தும் இந்தப் பாடா என்று கூட்டாளிகள் கேலி பேசினார்களாம். அவருக்கு அதில் ஒரே பெருமை. காலிதா செய்த எஞ்சின்கள் பாலத்துக்கு அக்கரையில் மண்டபம் வரைக்கும் வீடுகளில் நின்றன.

ஐம்பத்தேழில்தான் அந்தக் கடிதம் வந்தது. முதலாளி குத்தூஸைக் கடையில் கூட்டுச் சேர்த்துக்கொள்ளத் தயார். ஆனால் அவர் அந்த நாட்டிலேயே நிரந்தரமாகப் பதிந்துகொள்ள வேண்டும். வரப் போக ஆயிரத்தெட்டுக் காகிதம் கேட்கிற காலம், பதிந்துவிட்டால் மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊர்ப்பக்கம் வர முடியும். உன் அபிப்பிராயத்தை எழுது என்று கேட்டிருந்தார்.

காலிதா, தமிழை அரபு எழுத்தில் எழுதுகிற அரபுத்தமிழில் நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்தாள். கடைசியில் போனது இரண்டே வரி. உங்கள் இஷ்டம். போன தடவை கொண்டுவந்த பெரிய எஞ்சினுக்குச் சாவி கிடைத்தால் கொண்டு வாருங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் வந்தார். இருபது நாள் இருந்தும் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் வாய் திறந்து ஏதாவது சொல்வாளா என்று அவர் பார்த்தார். அவள் ஆட்டுக்கறியை ஆக்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். சரி, இவளுக்கு நான் இருந்தாலும் ஒன்றுதான் போனாலும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டதாகப் பிற்பாடு அவரே சொன்னார். போய்க் கையெழுத்துப் போடுவதாகத் தீர்மானித்து டிக்கெட்டும் வாங்கிவிட்டார்.

பயணத்துக்கு முந்தின நாள் பூமிநாதன் வந்தார். தினமும் கொல்லைப் பக்கம் போய் வருகிற மெயில் எஞ்சினின் டிரைவர் அவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. தன்னுடைய எஞ்சினை அப்படியே சின்னதாகச் செய்து தரும்படி கருத்தம்மாளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். காலிதா இரண்டு மாதம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அதைச் செய்திருந்தாள். இதுவரைக்கும் செய்ததில் இதுதான் உசத்தி என்று அவளுக்கே தெரியும். குத்தூஸ் முன்னறையில் டிரைவரை உட்காரவைத்து எஞ்சினைக் கையில் கொடுத்தார். திரைக்குப் பின்னால் காலிதா நின்றாள்.

பூமிநாதன் இடது பக்கத்தைப் பார்த்தார். அவருடைய விரல் ஒவ்வொரு கம்பியாக, ஒவ்வொரு ஆணித் தலையாகப் போய், படியில் வந்து நின்றது. படியின் மூலை கொஞ்சம் நசுங்கியிருந்தது. "இது மண்டபத்துல பிளாட்பாரக் கல்லுல இடிச்சது. இதையுமா போட்டிருக்க தங்கச்சி?" என்றார்.

பிறகு எஞ்சினைத் திருப்பினார். மறுபடி இடது பக்கம், மறுபடி வலது பக்கம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "பாய், கோவிச்சுக்கிடாதீக. இந்தப் பக்கம் என் எஞ்சினே இல்ல" என்றார்.

தடித்த குழாய் இடது பக்கம் மட்டும்தான் உண்டாம். வலது பக்கம் அது கிடையவே கிடையாது, அங்கே வேறு சாமான். காலிதா இடது பக்கத்தைத்தான் வலது பக்கமும் வைத்திருந்தாள், நசுங்கின படி உள்பட. குத்தூஸ் அலமாரியில் இருந்த மற்ற எஞ்சின்களையும் எடுத்து வந்தார். எல்லாவற்றுக்கும் இரண்டு இடது பக்கம். ஆறு வருஷமாக ஊரில் ஒருத்தர் கண்டுபிடிக்கவில்லை. ரயிலில் ஏறி இடம் பிடிக்கிறவர்கள்தான் உண்டே தவிர, அதைப் பார்க்கிறவர் யார்?

டிரைவருக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. சாயங்காலம் வரும்போது இந்த வீட்டுக்கு இடது பக்கம் தெரியும், சரி. தினமும் மத்தியானம் தனுஷ்கோடிக்குப் போகும்போது வலது பக்கம்தானே தெரியும்? அப்போதெல்லாம் கொல்லைக் கதவு சாத்தியே கிடக்கிறதே, ஏன் என்று கேட்டார்.

குத்தூஸ் திரையைப் பார்த்துத் திரும்பினார். "ஏன் காலிதா? போற வண்டியை நீ பார்க்கவே மாட்டியா?"

செய்த வேலையில் குற்றம் கண்டுபிடித்த ஆத்திரம் ஒரு பக்கம், பதினோரு வருஷத்து அடைப்பு ஒரு பக்கம். காலிதாவுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அதை நான் எதுக்குப் பார்க்கணும்? அது உங்களக் கொண்டுபோற வண்டி."

பூமிநாதன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவசரமில்லை தங்கச்சி, திருத்தி வையி, பெறகு வாரேன் என்று எஞ்சினைப் பெஞ்சில் வைத்துவிட்டு மெல்ல நழுவினார்.

குத்தூஸ் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்தார். உங்கள் இஷ்டம் என்றுதானே எழுதினாய் என்று கேட்டார். சபுராளிக்கு வேறு என்ன எழுதுவது என்றாள் அவள். இப்போது சொல் என்றார்.

"போகாதீங்க" என்றாள் காலிதா. அவர் எழுந்து பெஞ்சிலிருந்த எஞ்சினை எடுத்து அலமாரியில் வைத்தார்.

மறுநாள் அவர் பெட்டியைக் கட்டினார். சட்டை மாட்டினார், டிக்கெட்டைப் பையில் வைத்தார். காலிதா வழக்கம்போலத் துஆ ஓதினாள், ஸலாம் சொன்னாள். அவர் வாசலைத் தாண்டியதும் உள்ளே வந்து கொல்லைக் கதவைத் தாழ் போட்டாள். கேட்கக் கூடாததைக் கேட்டு வாயைக் கெடுத்துக்கொண்டோமே என்று அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள்.

ஸ்டேஷனில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அஞ்சு நிமிஷம் கழித்துக் கூவியது. கிளம்பிவிட்டது. அலமாரிச் சாமான் ஆடத் தொடங்கின நேரத்தில் கொல்லைக் கதவை யாரோ தடதடவென்று தட்டினார்கள்.

திறந்தாள். பெட்டியும் கையுமாகக் குத்தூஸ் நின்றுகொண்டிருந்தார். தண்டவாள ஓரமாகவே ஓடி வந்ததில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அவர் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் வந்துகொண்டிருந்தது.

"நான் இங்கனதான் நிக்கிறேன். நீ அதைப் பாரு" என்றார்.

அவருடைய சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு காலிதா பார்த்தாள். அந்தக் கதவு திறந்திருப்பதைக் கண்டு பூமிநாதன் நீளமாக விசில் கொடுத்தார். கண்ணில் நீர் முட்டி எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. துடைத்துவிட்டுத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"ஆமா, குழாய் இல்ல. சின்னதா ஒரு பம்பு இருக்கு. அதுக்கு மேல ரெண்டு கம்பி" என்றாள்.

இனி வரவில்லை என்று கொழும்பு முதலாளிக்குக் கடிதம் மறுநாள்தான் எழுதினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் முன்னறையில் உட்கார்ந்து, அரக்கைச் சூடுபடுத்தி, வலது பக்கத்துக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.