மாதாவுக்குப் பின்னால் பூச்சில்லை

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜ் வாசலில் நிற்கிறோம். வேகக் கேமரா வருமுன் கத்த வேண்டிய ரேடார் டிடெக்டர், டிரைவர் அந்தோணியண்ணன் காரில் ஊமையாகவே கிடக்கிறது. இங்கே அது தடைசெய்த பொருள். ஆனால் இன்னொரு அபராதம் வந்தால் அவருக்கு வேலை போய்விடும்.

மெக்கானிக் முன்கண்ணாடியைத் தட்டிப் பார்க்கிறார். "வெயிலுக்கு உலோகப் பூச்சு போட்டிருக்குண்ணே. சிக்னல் உள்ள வராது. இந்த மிரருக்குப் பின்னால மட்டும் பூச்சு இல்ல. இங்க ஒட்டுங்க."

அந்த உள்ளங்கையளவு இடத்தில் மாதா படம் ஒட்டியிருக்கிறது.

"மாதாவ எடுத்துட்டு இந்தத் திருட்டுச் சாமான வைக்கச் சொல்லுதியா?" அண்ணன் டிடெக்டரைப் பிடுங்கி மெக்கானிக் கையில் திணிக்கிறார்.

நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டாமல் போகிறோம். லாரிகள்கூட ஹாரன் அடித்து முந்துகின்றன. அண்ணன் நிமிர்ந்து படத்தைப் பார்க்கிறார்.

"இப்பத் திருப்திதானம்மா?"