சத்தமில்லாமல் சுட்டவர்கள்

துர்கா பூஜைக்கு முந்தைய வாரம் வீட்டை ஒழிக்கும்போது, கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியில் எங்கள் பழைய வீடியோ கேம் கிடைத்தது. அப்பா கொல்கத்தாவின் கிடர்பூரில், துறைமுகத்தை ஒட்டிய வெளிநாட்டுச் சாமான் கடை ஒன்றில் வாங்கியது. வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. இரண்டு ஜாய்ஸ்டிக்குகளும் வயரைச் சுற்றிக்கொண்டு கிடந்தன. ஜாய்ஸ்டிக் என்று பெயர்தானே தவிர, ஒரு தட்டையான கட்டை. இடது பக்கம் கூட்டல் குறி, வலது பக்கம் இரண்டு பட்டன். ஒன்று குதிக்க, ஒன்று சுட. ஒரே ஒரு கேஸட், அதுவும் மேல் தாள் கிழிந்தது. எங்கள் வீட்டில் அதற்குத் துப்பாக்கி கேம் என்று பெயர்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பெஹாலாவில் அம்மாவும் நானும் மட்டும். அலுவலகம் விட்டு வந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் துப்பாக்கி கேம் ஆடுவேன். இப்போதையவை. மழைத்துளி தோளில் தெறிப்பது தெரியும். சுமாராக ஆடுவேன் என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே ஆடுவேன். அதனால் அந்தப் பழைய பெட்டியை எடுத்தபோது எனக்கு இருந்தது ஒருவிதமான இரக்கம்தான். முப்பது வருடங்களுக்கு முந்தைய பொம்மை இன்றைக்கு எப்படித் தாக்குப்பிடிக்கும்?

புது அடாப்டர் ஒன்று வாங்கி, மஞ்சள் வெள்ளை வயர்களை டிவிக்குப் பின்னால் செருகினேன். படம் வந்துவிட்டது. காடு. இடது ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிப்பாய் நின்றான். எப்படி ஆடுவது என்று சொல்லித்தர ஒரு வரி இல்லை. ரத்த அளவு காட்டும் கோடு இல்லை, ஒளிந்து மூச்சுவாங்கி உடம்பு தேற்றிக்கொள்வது இல்லை. ஒரு குண்டு பட்டால் சாவு. மூன்று உயிர். வலது பக்கம் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

நான் இரண்டு நிமிடத்தில் மூன்று உயிரையும் விட்டேன்.

மறுபடி ஆடினேன், மறுபடி செத்தேன். ஐந்தாவது முறை ஒன்று புரிந்தது. இந்த கேமில் எதிர்பாராதது என்று எதுவுமே இல்லை. மூன்றாவது மரத்துக்குப் பின்னாலிருந்து வருகிறவன் எப்போதும் அங்கிருந்துதான் வருகிறான், அதே நொடியில்தான் சுடுகிறான். ஒவ்வொரு சாவும் என் தவறு. இதை யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு அடியாக அளந்து வைத்திருக்கிறார்கள். நான் இரக்கப்பட்டது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று தோன்றியது.

அம்மா சோபாவின் மறுமுனையில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, "இங்க குடு" என்றாள்.

சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அவள் முதல் பள்ளத்திலேயே விழுந்தாள். இரண்டாவது தடவையும் அங்கேயே.

"டிவி லேட்டா இருக்கு" என்றாள்.

"டிவி எப்படிம்மா லேட்டா இருக்கும்?"

"நான் அமுக்கறதுக்கும் அவன் குதிக்கறதுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி இருக்குடா. முன்னாடி இப்படி இருக்காது."

எனக்குச் சுரீரென்றது. அவள் சொன்னது சரி. புது டிவிக்கள் படத்தைத் துலக்கிக் காட்டுவதற்காக ஒரு கணம் பிடித்துவைத்துக்கொள்கின்றன; அது தெரிந்துதான் கம்ப்யூட்டருக்கு விலை உயர்ந்த திரையாக வாங்கியிருக்கிறேன். இந்த டிவியில் அது எனக்கு உறைக்கவில்லை. எழுபதைத் தொடப்போகிற அம்மாவுக்கு இரண்டே குதியில் உறைத்துவிட்டது. செட்டிங்ஸுக்குள் போய் கேம் மோட் என்பதைப் போட்டேன். அவள் ஒரு முறை குதித்துப் பார்த்தாள்.

"ம், இப்ப சரி. சத்தத்த மொத்தமா நிறுத்திடு. குழப்புது."

பிறகு ஆட ஆரம்பித்தாள். அதை எப்படிச் சொல்வது? அவள் ஓடவே இல்லை, நடந்தாள். எதிரி வரும் இடத்துக்கு அவன் வருவதற்கு முன்பே குண்டு போய்ச் சேர்ந்திருந்தது. பாலம் அவள் காலடியில் உடைந்துகொண்டே வந்தது, அவள் அடுத்த பலகையில் இருந்தாள். பனிமலை என்று ஒரு கட்டம் அந்த கேமில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அம்மாவின் முகத்தில் பட்டாணி உரித்தபோது இருந்ததைவிட அதிகமாக ஒன்றும் இல்லை. விரல்கள் மட்டும் வேறு யாருடையவோ மாதிரி இருந்தன.

ஐந்தாவது கட்டத்தில் ஓர் இரும்புக் கதவு. மேலேயும் கீழேயும் இரண்டு பீரங்கிகள். அங்கே அவள் செத்தாள். மூன்று உயிரும் வரிசையாக அங்கேயே போயின. ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துவிட்டு, "இது ஒருத்தி ஆடற இடம் இல்ல. நான் கீழ, பௌதி மேல" என்றாள்.

"எந்தப் பௌதி?"

"நம்ம பௌதிதான்டா. சாந்த்ராகாச்சி."

வங்காளத்தில் அண்ணியைப் பௌதி என்பார்கள். எங்கள் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் கீழ்வீட்டில் இருந்த பெண்மணியை நாங்கள் எல்லோருமே அப்படித்தான் கூப்பிட்டோம். அன்று மாலை அம்மா எனக்குச் சொன்னதை, பக்கத்திலேயே வளர்ந்த நான் ஒரு துளியும் அறிந்திருக்கவில்லை.

நாங்கள் முதலில் கரக்பூரில் இருந்தோம். அங்கே ரயில்வே காலனி முழுக்கத் தமிழும் தெலுங்கும். அம்மாவுக்கு வங்காளம் தேவையே படவில்லை. எனக்கு ஒன்பது வயதாகும்போது அப்பாவை சாந்த்ராகாச்சி யார்டுக்கு மாற்றினார்கள். அங்கே எங்கள் கட்டடத்தில் தமிழ்க் குடும்பம் நாங்கள் ஒன்றுதான். அப்பா வேலைக்கும் அக்காவும் நானும் பள்ளிக்கும் போன பிறகு, அம்மா பேசுவதற்கு ஆள் இல்லாமல் வீட்டில் இருந்தாள். ஒரு மதியம் பௌதி ஏதோ கிண்ணத்தைத் திருப்பிக்கொடுக்க மாடியேறி வந்திருக்கிறார். அம்மா, தூசி தட்டுகிற சாக்கில், டிவியில் எங்கள் கேமை ஆடிக்கொண்டிருந்தாள். பௌதி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. பௌதியின் கணவர் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து நேர் கீழே தூங்குவார். அதனால் டிவியில் சத்தமே வைக்கக்கூடாது, பேச்சும் குசுகுசுப்புதான். ஓபொரே என்பார் பௌதி, மேலே என்று. நீச்சே, கீழே. லாஃபாவ், குதி. அம்மா கற்ற முதல் வங்காளச் சொற்கள் இவை. காய்கறி, விலை, நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான் வந்தன.

அம்மா தமிழில் அதட்டுவாள், கத்துவாள். வங்காளம் பேசும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். மீன்காரர் முதல் டாக்டர் வரை எல்லோரிடமும் அப்படித்தான். கூச்சம் என்றே இவ்வளவு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கடைசி வரைக்கும் போயிருக்கீங்களா ரெண்டு பேரும்?"

"எத்தன தடவ!"

"எங்ககிட்ட ஏம்மா சொல்லவே இல்ல?"

"அக்காவும் நீயும் மொதப் பாலத்துக்கே அடிச்சுக்கிட்டுக் கெடந்தீங்க. சொன்னா மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன்."

அப்பா ஓய்வுபெற்று நாங்கள் பெஹாலாவுக்கு வந்த பிறகு அவர்கள் சந்திக்கவில்லை. சண்டை ஒன்றுமில்லை. ஒரு பாலம் தாண்டினால் ஊர், ஆனாலும் முழங்கால் வலி, மழை, அப்பாவின் உடம்பு என்று தள்ளிப்போய்விட்டது. பூஜை முடிந்ததும் வருடத்துக்கு ஒரு தடவை போனில் இரண்டு நிமிடம் பேசிக்கொள்வார்கள். இந்த வருடம் அந்தப் போனை நான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்டு, என்ன கொண்டுவருகிறோம் என்றும் சொன்னேன். பௌதி, மிகத் தாழ்ந்த குரலில், கேஸட் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டார்.

பௌதியின் வீடு யார்டுக்குப் பின்னால் இருக்கிறது. எழுபத்திரண்டு வயது, ஒல்லியாகியிருந்தார். அம்மாவும் அவரும் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். "ஏஷோ தீதி", வாங்க அக்கா, என்று உள்ளே இழுத்துப்போனார் பௌதி. அறையில், குரோஷா விரிப்புக்கு அடியில், பெரிய பின்பக்கம் வைத்த பழைய டிவி ஒன்று இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. செட்டிங்ஸ் எதுவும் தேவைப்படவில்லை. அம்மா ஒரு முறை குதித்துப் பார்த்து என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

டிவியில் சத்தம் வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கேம் தொடங்கியதும் பாட்டு பெரிதாக எழுந்தது. இரண்டு பேரும் திடுக்கிட்டார்கள்.

"இதுல பாட்டு வேற இருக்கா?" என்று வங்காளத்தில் கேட்டார் பௌதி. இத்தனை வருடம், இத்தனை தடவை, அவர் அதைக் கேட்டதே இல்லை. அந்தப் பாட்டை முழுதாக ஒரு தடவை, ஆடாமல், உட்கார்ந்து கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

முதல் ஆட்டம் சரியாக வரவில்லை. பௌதிக்குக் கட்டைவிரல் மூட்டில் வாதம். சுடும் பட்டனை வேகமாக அமுக்க முடியவில்லை. பனிமலையிலேயே முடிந்துவிட்டது. "பார்போ நா" என்றார், என்னால் முடியாது என்று. கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நான் எழுந்து வயரைக் கழற்றலாமா என்று யோசித்தேன்.

அம்மா அந்த ஜாய்ஸ்டிக்கை வாங்கி, பௌதியின் மடியில் மல்லாக்க வைத்தாள். "ஹார்மோனியம் மாதிரி" என்றாள் வங்காளத்தில்.

பௌதி ஒரு காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். இடது கையால் கூட்டல் குறியைப் பிடித்துக்கொண்டு, வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பட்டன்கள் மேல் வைத்தார். இரண்டாவது ஆட்டம் விரலுக்குப் பழக்கமாவதில் போனது. மூன்றாவது ஆட்டத்தில் அவர்கள் இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். திரையைப் பார்ப்பதா, அவர்களைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. "ஓபொரே" என்று மூச்சுவிட்டார் பௌதி. அம்மாவின் சிப்பாய் அதற்குள் நகர்ந்திருந்தான். அவர் மேலே போனார், இவள் கீழே படுத்தாள். ஒருத்தியின் குண்டு நிற்கிற இடத்தில் மற்றவளின் குண்டு தொடங்கியது. கதவு வெடித்தது. அதற்கு அப்புறமும் மூன்று கட்டங்கள் இருந்தன. நான் கற்பனைகூடச் செய்திராத இயந்திரங்கள், சுவர்கள், பற்கள். எதுவும் அவர்களுக்குப் புதிதில்லை. ஒருத்தியிடம் உயிர் தீர்ந்தபோது மற்றவள் கேட்காமலேயே தன்னுடையதிலிருந்து ஒன்றைக் கொடுத்தாள். அப்படிக் கொடுக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது.

கடைசி இயந்திரம் விழுந்ததும் திரை வெளுத்தது. ஒரு மலை, அதன் பின்னால் சூரியன், ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையோடு மூன்று வரி. அவ்வளவுதான். சிறுவயதில் நான் ஏங்கிய இடம் அது. இந்தக் காலத்துக் கேம்களில் எத்தனையோ முடிவுகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இதற்கு ஈடாகாது.

எழுந்து கை தட்டப் போனேன்.

"இரு, இரு" என்றாள் அம்மா. "இப்ப மறுபடியும் காடு வரும். இந்தத் தடவ வேகம் ஜாஸ்தி."

வந்தது. அவர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பௌதியின் மருமகள் வைத்துவிட்டுப் போன டீ மூன்று கோப்பையிலும் ஆறியது.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். இப்போது ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அம்மாவைக் காரில் கொண்டுபோய் விடுகிறேன். போன தடவை பௌதி என்னைக் கூப்பிட்டுத் தன் ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினேன். என் உயிர்களையும், அவள் கொடுத்த இரண்டையும் தீர்த்துவிட்டேன். பௌதி எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, யாரும் தூங்காத அந்த வீட்டில், காதோடு காதாக "நீச்சே, நீச்சே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.