ஓரிரு இடங்களில்

தொலைக்காட்சியில் அத்தை வானிலை சொல்லும்போது, அத்தையும் எங்களோடு தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கோவில்பட்டியில் ஐந்து மணிக்கெல்லாம் பதிவை முடித்துவிடுவார்கள். ஐந்தே முக்கால் பேருந்தைப் பிடித்தால் ஏழு மணிச் செய்திக்குள் பசுவந்தனைக்கு வந்துவிடலாம். ஆக, ஏழேகாலுக்கு எங்கள் வீட்டில் இரண்டு அத்தைகள் இருப்பார்கள். ஒருத்தி பட்டுப்புடவை கட்டி, பவுடர் பூசி, ‘வறண்ட வானிலையே நிலவும்’ என்பாள். இன்னொருத்தி நைட்டியோடு காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். அப்பா பெட்டிக்குள் இருப்பவளைக் கண் கொட்டாமல் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வானத்தின் மேல் அவருக்கு இருந்த கோபமெல்லாம் அந்த வருஷம் தங்கச்சியின் மேல் இறங்கியிருந்தது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. இயற்பியல் படித்தவள். படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்காமல், கோவில்பட்டி கேபிள் சேனல் ஒன்றில் ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கப் போனாள். பிறகு இரங்கல் செய்தி வாசித்தாள். அதன் பிறகுதான் வானிலை. சேனல் முதலாளிக்கு அந்த யோசனை வந்தது விவசாயிகள் மேல் இருந்த பாசத்தால் அல்ல. அவருக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. மருந்து முக்கிய குச்சி காய வேண்டும் என்றால் வெயில் வேண்டும், மழை எப்போது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதனால் அத்தை வறண்ட வானிலை என்றால் கோவில்பட்டிக் கடைத்தெருவில் அவளுக்கு வணக்கம் கிடைக்கும். அதே சொல்லுக்கு எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஏச்சு கிடைக்கும்.

அவள் கையை நீட்டிக் காட்டும் வரைபடமெல்லாம் அங்கே கிடையாது. பின்னால் தொங்குவது வெறும் பச்சைத் துணி. பச்சை தெரிகிற இடத்தில் வரைபடம் தானே வந்து ஒட்டிக்கொள்ளுமாம். ஒருநாள் தெரியாமல் பச்சை ரவிக்கை போட்டுக்கொண்டு போய்விட்டாள். தோளில் விருதுநகரும் கையில் விளாத்திகுளமுமாக நின்று செய்தி வாசித்தவளைப் பார்த்து ஊரே சிரித்தது. சிரித்ததோடு விட்டிருக்கலாம். காய்ந்த வாய்க்காரி என்று பேர் வைத்துவிட்டார்கள். நாகலாபுரத்திலிருந்து வந்த சம்பந்தம் ஒன்று கிட்டத்தட்ட முடிந்து, நாள் குறிக்கும் நேரத்தில் நின்றுபோனது. மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்: “பொழுதன்னைக்கும் மழை இல்ல, மழை இல்லன்னு சொல்லுத பிள்ள நம்ம வீட்டுக்கு வேண்டாம்.”

அந்த வருஷம் புரட்டாசியில் புழுதிக் காட்டில் மக்காச்சோளம் ஊன்றியிருந்தோம். ஐப்பசியில் ஒரு மழை பெய்து நன்றாக முளைத்தது. அதோடு சரி. கார்த்திகை பிறந்தபோது பயிர் முழங்கால் உயரத்தில் நின்றது, மத்தியானத்தில் இலையெல்லாம் சுருண்டுகொண்டது. யூரியா மூட்டைகள் வீட்டுக்குள் அடுக்கிக் கிடந்தன. கரிசலில் இதில் ஒரு சங்கடம் உண்டு. மழை பெய்துவிட்டால் நாலைந்து நாளைக்குக் காட்டில் கால் வைக்க முடியாது, மண் முழங்கால்வரை அப்பிக்கொள்ளும். ஆகவே மழைக்கு முந்தின நாளே உரத்தைப் போட்டுவிட வேண்டும். போட்ட பிறகு மழை வராவிட்டால் உரமே பயிருக்கு எமன். முந்தின நாள் எது என்பதுதான் கேள்வி. ஊர் முழுக்க அதற்காகத்தான் ஏழேகால் மணிக்கு அத்தையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பயிரைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. எட்டு வயது. என் குறை வேறு. அத்தை மதுரை என்பாள், நெல்லை என்பாள், தூத்துக்குடி என்பாள். எங்கள் ஊர்ப் பேர் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் இதைச் சொல்லியே என் மானத்தை வாங்கினாள். ஒருநாள் காலையில் அத்தை எனக்குத் தலை சீவிவிடும்போது கேட்டுவிட்டேன்.

“நம்மூரு பேர மட்டும் ஏன் அத்தே சொல்லவே மாட்டேங்குதீங்க?”

“தாள்ல என்ன போட்டிருக்கோ அதத்தான் வாசிக்க முடியும். ‘ஓரிரு இடங்களில்’னு சொல்லுதேன்ல, அதுக்குள்ள நம்மூரும் இருக்கும்.”

“அது யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு நாளு பேரச் சொல்லுங்க. அப்பாவும் சிரிப்பாங்க.”

அப்பாவை இழுத்தது வெறும் தந்திரம். கேட்டது கிடைக்க வேண்டும் என்றால் அவரை இழுத்தால் போதும் என்று அந்த வயதிலேயே தெரிந்துவைத்திருந்தேன். சீவிக்கொண்டிருந்த கை நின்றது. “நேத்து அப்பா சாப்பிட்டாங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மைதான். அவசரமாகப் பின்னி முடித்துவிட்டுப் பேருந்துக்குக் கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் கிழக்கே கொஞ்சம் மேகம் இருந்தது. ஏழேகாலுக்குப் பெட்டிக்குள் இருந்த அத்தை, “கோவில்பட்டி, எப்போதும்வென்றான், பசுவந்தனை, நாகலாபுரம் பகுதிகளில் நாளை நல்ல மழை பெய்யும்” என்றாள். நான் துள்ளி எழுந்துவிட்டேன். அப்பா எத்தனையோ நாளுக்குப் பிறகு பக்கத்தில் இருந்த அத்தையின் பக்கம் திரும்பினார்.

“நெசமாவா ஏட்டி?”

அத்தை நிமிராமல் “ம்” என்றாள். அப்பா சிரித்தார். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அத்தை என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கள் இருவருக்கும் மட்டும் உரியது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த ரகசியத்தை உடனே சொல்லிவிடக் கூடாது, மழை பெய்த பிறகு பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஊரே காட்டில் இருந்தது. மழைக்கு முந்தி முடிக்க வேண்டுமே என்று, தூரில் வைக்க வேண்டிய யூரியாவை நின்ற இடத்திலிருந்தே வீசினார்கள். மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று அடித்தது. மேகமெல்லாம் எங்கள் தலைக்கு மேலாகவே மேற்கே போய்விட்டது. அன்றைக்கு மழை இல்லை. பனி பெய்தது. குருத்துக்குள் விழுந்து கிடந்த யூரியா அந்தப் பனியில் கரைந்து, மூன்றே நாளில் பயிரைக் கருக்கிவிட்டது. வெந்நீர் ஊற்றியது போலக் கிடந்தது எங்கள் காடு. அப்பா வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார், அம்மா போய்க் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் ஆட்கள் வந்தார்கள். கருகிய பயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் போட்டார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் மட்டும்தான் பேசினார். அவர் அத்தையைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவர். “ஒன் வாயால கேட்டுத்தான தாயி போட்டோம்” என்றார். அவர் கத்தியிருந்தால் அத்தைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கு வாசிக்கக் கொடுத்திருந்த தாளை அப்பா கேட்டார். அத்தை கைப்பையிலிருந்து எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். ‘ஓரிரு இடங்களில் லேசான மழைக்கு வாய்ப்பு’. பழக்கதோஷம், தொலைக்காட்சியில் வாசிக்கும் அதே குரலிலேயே வாசித்துவிட்டாள். கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள்.

“யாரும் சொல்லச் சொன்னாவளா? மொதலாளி சொன்னாரா? சொல்லு ஏட்டி” என்றார் அப்பா. அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. முதலாளி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கூட்டம் அப்படியே வேன் பிடித்துக் கோவில்பட்டிக்குப் போயிருக்கும்.

“யாரும் சொல்லலண்ணே. நானாத்தான் சொன்னேன்.”

அத்தோடு அத்தையின் வேலை போயிற்று. ஏழேகால் மணிக்கு நேயர் விருப்பப் பாட்டுப் போட ஆரம்பித்தார்கள். அப்பா காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். மறு வருஷம் அத்தையைத் தென்காசிப் பக்கம் இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு அத்தையைவிடப் பதினெட்டு வயது அதிகம். கல்யாணத்துக்கு எங்கள் ஊரிலிருந்து போனவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். பெற்ற பிள்ளை இல்லை அவளுக்கு. இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். பார்த்து என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பிவிடுவேன்.

என் பேச்சுக்காக மட்டுமே அவள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள் என்று இப்போது என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அண்ணன் ஒருமுறை தன் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும் என்று அவளுக்கும் இருந்திருக்கும். சமாதானம் ஒரு நாளைக்கு மேல் நிற்பதில்லை.

ஆட்கள் வந்த அந்தக் காலையிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை. அம்மா தேவைக்கு மட்டும் பேசினாள். நானும் பேசவில்லை. அவள் கூப்பிட்டால் காது கேட்காதவள் மாதிரிப் போய்விடுவேன். பயிர் கருகியதற்காக அல்ல. அத்தனை பேர் கூடிய வாசலில், அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, இப்போது என்னைச் சொல்வாள், இப்போது சொல்வாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவளோ எல்லாவற்றையும் தானே செய்தது போலச் சொல்லிவிட்டாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அடுப்படியில் யாரும் இல்லாத நேரத்தில் அத்தை என் கையைப் பிடித்தாள்.

“நீயுமா ஏட்டி பேச மாட்ட?”

“நாந்தான சொல்லச் சொன்னேன். நீங்க ஏன் எம்பேரச் சொல்லல?”

அத்தை சட்டென்று என் வாயைப் பொத்தினாள். வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, என் காதோடு சொன்னாள்.

“சொல்ல மாட்டேன். யாருட்டயும் சொல்லவே மாட்டேன்.”

கையை உதறிக்கொண்டு ஓடினேன். இப்படியும் ஒரு கல்நெஞ்சுக்காரி இருப்பாளா என்று அன்று முழுக்க அழுதேன்.