படத்தில் ஏறிய சிவப்பு

சோப்புப் போடும்போது இடது மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி நெருடியது. வலி இல்லை. வலிக்காத கட்டியை யார் மதிக்கிறார்கள்? ஆம்பூர் ஃபேக்டரியில் ஷூ தோலுக்கு நிறம் பொருத்தும் வேலை எனக்குத் தலைக்கு மேல் கிடந்தது. கட்டி பெரிதான பிறகுதான் வேலூருக்குப் பஸ் ஏறினேன். பயாப்ஸி (சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்றது. மார்பை எடுத்தார்கள். பிறகு கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை நரம்பில் ஏற்றுவது). முடி கொட்டியது, முளைத்தது. இதே நோய் கண்ட நீங்களும் இதையெல்லாம் கடந்துகொண்டிருப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும், படுத்தால் புரள வேண்டும். கண்ணாடி முன்னால் மட்டும் நிற்க முடியவில்லை. அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன். என் கணவர் சாமுவேல் பள்ளிக்கூட வாத்தியார். அவரையும் தழும்பைப் பார்க்க விடவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒரே கட்டிலில் அந்நியர்களைப் போலப் படுத்திருந்தோம். அது நோயைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஃபேக்டரியில் துருத்தி வைத்த பெரிய கேமரா ஒன்று இருந்தது. தோலின் நிறத்தை ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட, உடனே கலர் படம் தரும் தாளைப் போட்டு நான்தான் எடுப்பேன். ஒவ்வொரு தாளும் உள்ளங்கையைவிடப் பெரியது. டிஜிட்டல் கேமரா வந்ததும் இது மூலைக்குப் போனது. மேனேஜரிடம் கேட்டு, மிச்சத் தாள்களோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஸ்டூடியோக்காரன் எவனும் கழுவிப் பார்க்க வேண்டியதில்லை. தழும்பை நானே படமெடுத்தேன். கண்ணாடியில் பார்க்க முடியாததைத் தாளில் பார்க்க முடிந்தது. மேஜைமேல் கிடக்கும் சாம்பிளைப் பார்ப்பது என் தொழில்தானே.

குழாய் முனையிலுள்ள ரப்பர் பந்தை அமுக்கினால் லென்ஸ் திறக்கும். லிம்ஃபடீமா (நிணநீர் தேங்கிக் கை வீங்குவது) வராமலிருக்க ஆஸ்பத்திரியில் பந்து அமுக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். லென்ஸைத் திறந்துவைத்து, பாதி நேரம் நின்றுவிட்டு விலகுவேன். படத்தில் பின்னாலிருக்கும் சுவர் என் வழியே தெரியும். ஒரு படத்தில் எனக்கு மூன்று தோள். விளக்குக்கு முன்னால் பச்சைக் கண்ணாடித்தாளைக் கட்டினேன். பேய் மாதிரி வந்தேன், சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறுத்துத்தான் படத்தின் மேல்தாளை உரிக்க வேண்டும். அந்தப் பொறுமையும் இல்லாமல் பாதிப் படங்கள் சேறுபோலக் கலங்கின.

சித்திரை வெயிலில் ஒரு சனிக்கிழமை எடுத்த படத்தில், தழும்பைச் சுற்றி நெருப்பாகச் சிவந்திருந்தது. திரும்ப வந்துவிட்டதா? டாக்டரைப் பார்க்கத் திங்கட்கிழமை ஆக வேண்டும். ஞாயிறு பிரசங்கம் காதில் ஏறவில்லை.

வெயில் காலத்தில் அந்தத் தாளில் சிவப்பு ஏறும் என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு எத்தனை முறை நானே சொல்லியிருக்கிறேன்! படத்தை நம்பாதே, பக்கத்தில் தோலை வைத்துப் பார் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. இங்கே அந்தத் தோல் என்னுடையது. அதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

சர்ச்சிலிருந்து வந்ததும் கதவைத் தாழிட்டு, வெளிச்சத்துக்குப் பின்பக்க ஜன்னலைத் திறந்தேன்.

“இன்னாங்க, இங்க வாங்க. மூக்குக்கண்ணாடி போட்டுக்கினு வாங்க.”

ரவிக்கையை அவிழ்த்தேன். படத்தைத் தழும்பின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

“ரெண்டும் ஒரே சிவப்பா இருக்குதா? பார்த்துச் சொல்லுங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன், ரொம்ப ஜாஸ்தியா?”

“இரு ஸ்டெல்லா. இப்பதானே பாக்க வுட்டே. கொஞ்சம் பாத்துக்கறேன்.”

அவர் மூச்சு என் தோளில் பட்டது. நான் அழுதேன்.

“படத்துலதான் ஜாஸ்தி,” என்றார் கடைசியில். “உன்னாண்ட இல்ல.”

திங்கட்கிழமை டாக்டரும் தொட்டுப் பார்த்தார். “நல்லா ஆறிட்டு வருதும்மா. செக்கப்புக்கு மட்டும் தவறாம வாங்க,” என்றார்.

இப்போது நான் நாளை எண்ணுவது மாதங்களால் இல்லை, செக்கப்புகளால்தான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இந்த உடம்பு இரவல் வாங்கியதுபோல இருக்கும். பதற்றம் போய்விடும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். தாள்கள் தீர்ந்துவிட்டன. சந்தேகம் வந்தால் குளியலறையிலிருந்து அவரைக் கூப்பிடுகிறேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் எனக்குப் பொறுக்காது. நானே குனிந்து தழும்பைப் பார்த்துவிடுகிறேன்.