ஆரஞ்சுப்பூ சென்ட்டும் என் அக்காவும்

என் அக்காவைக் கடையில் எல்லோரும் மூக்கக்கா என்பார்கள். மூக்கு அப்படியொன்றும் பெரிதில்லை. இரண்டாம் மாடியில் சென்ட் விற்கிறாள், அவ்வளவுதான். எதிரே கைப்பை விற்கிறவள் நான். வீட்டிலும் நாங்கள் இரண்டே பேர். வேலையிலும் அவள் முகம், வீட்டிலும் அவள் முகம். கொடுத்து வைத்தவள் நான், வேறென்ன சொல்ல.

அவளிடம் சென்ட் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அட்டைத்துண்டில் அடித்து முகர்ந்து பார்க்க நீட்டுகிற வேலையெல்லாம் கிடையாது. மணிக்கட்டில் ஒரு துளி வைத்து, கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்று அனுப்பிவிடுவாள். வந்த வியாபாரத்தை வாசல்வரை வழியனுப்புகிற ஆளை எங்கேயாவது கண்டதுண்டா? மேலாளர் தலையில் அடித்துக்கொள்வார். அட்டையில் அடித்தால் எல்லாமே அழகுதான், உடம்புச் சூட்டில் ஊறினால்தான் குணம் தெரியும் என்பது அவள் கட்சி. அதிசயம் என்னவென்றால், பாதிப்பேர் திரும்பி வருவார்கள்.

அதிலும் ஆரஞ்சுப்பூ சென்ட் என்றால் அவளுக்கு உயிர். ஆளில்லாத மதியத்தில், கண்ணாடித் தட்டுகளில் வெயில் சாய்ந்து கிடக்க, என் கையைப் பிடித்துக்கொண்டு அதன் கதையைச் சொல்லுவாள். வைத்தவுடன் ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினாற்போல் சுருக்கென்று இருக்கும். இலையைக் கசக்கிய கசப்பும் கொஞ்சம். அது அடங்கியதும் பூ வரும், வெள்ளைவெளேரென்று, துவைத்து வெயிலில் காய்ந்த விரிப்பில் முகம் புதைத்த மாதிரி. இவ்வளவுதானா என்று நினைக்கும்போது அடியிலிருந்து தேன் கசியும். கடைசியில், தூங்கி எழுந்த பிள்ளையின் பிடரியில் இருக்குமே ஒரு கதகதப்பு, அது. பார்க்கத்தான் சாது, உள்ளே ஒரு கள்ளத்தனம் இருக்கிறது என்பாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு நின்றபடியே கண் சொக்கும்.

லிஃப்ட் பழுது பார்க்க வருகிறவர் வாங்கியதும் அதையேதான். மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாதவர். நடந்துவிட்டு வரச் சொன்னாள், நடந்துவிட்டு வந்தார். அப்புறம் பழுதே இல்லாத லிஃப்டையும் அடிக்கடி வந்து பார்த்தார். போன மாதம், வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது, என்னைக் கட்டிக்கொண்டு கூட வருவீர்களா என்று அவளிடமே கேட்டுவிட்டார். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? கொஞ்சம் பொறுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வந்த வரன்களையெல்லாம் இப்படியே பொறுத்துப் பார்த்து நாற்பதைத் தாண்டியவள். ஆசை இல்லாமலும் இல்லை. அவர் வருகிற நாளில் தலையை இரண்டு முறை வாரிக்கொள்வாள்.

அவருக்கு இங்கே கடைசி வேலை நாளும் வந்தது. இவள் புட்டிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைப்பைகளை அப்படியே போட்டுவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"இன்னும் என்னக்கா யோசனை?"

"நல்லாருக்குமான்னு தெரியலையேடி. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

"தள்ளி நின்னு பாத்தா எப்படித் தெரியும்? மேல பட்டாத்தான் குணம் தெரியும்னு ஊருக்கெல்லாம் சொல்றது யாரு? அவரை மட்டும் நீ இன்னும் அட்டைலயே வச்சு மோந்துக்கிட்டிருக்க."

அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். நேரே லிஃப்டை நோக்கி நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார், கையெல்லாம் கிரீஸ்.

"நல்லாருக்குமான்னு எனக்குத் தெரியல," என்றாள் அக்கா. "கூட இருந்துதான் பாக்கணும். வரேன்."

அவர் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் திணறினார். அவள் அந்தக் கிரீஸோடேயே பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. இத்தனைக்கும் அவளை உசுப்பேற்றிவிட்டவள் நான். இனி வீட்டுக்குப் போனால் சண்டை போட ஆளில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.