துரை இருந்த கதிரை

அந்தக் கதிரை இப்போது என் வளவில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கடைந்த கால், பிரம்பு பின்னிய முதுகு. சேவல் அதன் மேல் ஏறி நின்று கூவும், எச்சமிடும். வருகிறவர்கள் நல்ல சாமானை இப்படிப் பாழாக்கலாமா என்று கேட்கிறார்கள். பாழாகட்டும். காலையில் அந்த எச்சத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒரு திருப்தி உண்டாகிறது, அதை மறைப்பானேன்?

அதை வாங்கி வந்தவர் என் அத்தான், அக்காவின் புருஷன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெயர் சொன்னால் தெரியும் போடியார், பெரிய வயல்காரர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வாவியைப் பார்த்திருக்கும் இந்த வீட்டை அம்மா அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்தார், அத்தான் அதில் வந்து குடியேறினார். கல்யாணமாகாத தங்கச்சி நானும் கூட இருந்தேன். அக்காவுக்கு இழுப்பு வருத்தம். படுத்தால் மூச்சு முட்டும். ஆகையால் அவளுடைய கட்டில் முன்மண்டபத்தில், கிழக்கு வாசலோரம் கிடந்தது. கடற்காற்று வாவியைத் தாண்டி நேரே அவள் முகத்தில் வந்து விழும். பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு அந்தக் காற்றுத்தான் துணை.

மாகாணத்தை ஆளும் வெள்ளைக்காரர், ஏசெண்டுத் துரை, ஊரைப் பார்க்க வருகிறார், நம் வீட்டிலும் இறங்குவார் என்று செய்தி வந்ததும் அத்தானுக்குத் தலைகால் தெரியவில்லை. துரை பார்த்துக் கொடுக்கும் வன்னியனார் பதவி, பற்றுக்கே தலைமை, அப்போது காலியாக இருந்தது. கொழும்புத் தளபாடக் கடையின் படப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதில் ஒரு வெள்ளைக்காரன் வீட்டு மண்டபம். சுவரில் ஒரு மாடம், அதைச் சுற்றி அரைவட்டமாகச் சோபாவும் கதிரைகளும். அத்தான் சீமைச்சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு தரையில் குந்திக் கோடு கீறினார். இது துரைக்கு, இது துரைசாணிக்கு, இது துரையின் பேச்சை மொழிபெயர்க்கும் முதலியாருக்கு. எல்லாம் மேற்குச் சுவரைப் பார்த்தபடி, வாசலுக்கு முதுகு காட்டி. அந்த மாடம் குளிருக்கு நெருப்பு மூட்டும் அடுப்பு என்று பிறகு வெள்ளைக்காரப் பாதிரியோடு பழகிய உபதேசியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் வெயிலுக்கு அடுப்பைச் சுற்றி இருக்க இடம் போட்டார் மனிதர்!

சுண்ணாம்புக் கோட்டுக்குள் அக்காவின் கட்டில் அகப்பட்டது. “வருத்தக்காரிர கட்டில் முன்னுக்குக் கிடந்தா துரை என்ன நினைப்பார்? நெல்லறைக்குள்ள போடுங்க” என்றார். நெல் தூசு அவளுக்கு நஞ்சு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் வாய் திறக்குமுன் அக்காவே, “அவர்ர ஆசைகா. ரெண்டு நாள்தானே, தூக்கு” என்றாள். தலைமாட்டை வேலையாள் பிடித்தான். கால்மாட்டைப் பிடித்தவள் நான்.

துரை வந்தார். வெறுஞ்சுவரைப் பார்த்தபடி சற்று நேரம் இருந்தார். கழுத்தெல்லாம் வேர்த்து ஒழுகியது. முதலியாரிடம் ஏதோ முணுமுணுத்தார். “துரைக்கு வேர்க்குதாம், காத்துப் படுற இடத்தில இருக்கப் போறாராம்” என்றார் முதலியார். துரை தானே எழுந்து, தன் கதிரையை இழுத்துக்கொண்டு போய்க் கிழக்கு வாசலோரம் போட்டார். அக்காவின் கட்டில் கிடந்த அதே இடம். ஒரு செவ்விளநீர் குடித்தார். நல்ல காற்று என்றாராம். போய்விட்டார்.

மூன்றாம் நாள், “அக்காட கட்டிலக் கொண்டு வருவமா அத்தான்?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை! “அவடத்தயா? அது துரை இருந்த இடம். கடிதம் வருமட்டும் அந்தக் கதிரைய ஒருத்தரும் அசைக்கப்படாது.” அசைத்தால் பதவி அசைந்துவிடுமாம். தினமும் அதைத் துடைத்தார். தானும் அதில் இருக்கவில்லை. சாமிக்குப் படைத்தது போல அது காற்று வாங்கிக்கொண்டிருந்தது. மூன்று அறை தள்ளி அக்கா நெல் மூட்டைகளுக்கு நடுவே விலா எலும்பு தெரிய இழுத்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் அவள் கேட்பது ஒன்றுதான். “கடிதம் வந்திட்டாகா?”

வாடைக்காற்று தொடங்கும் முன் அவள் போய்விட்டாள். பிரேதத்தை முன்மண்டபத்தில்தானே கிடத்த வேண்டும்? அன்றுதான் அத்தான் கதிரையைத் தன் கையால் தூக்கிச் சுவரோரம் வைத்தார். தெற்கே தலை வைத்துக் கிடந்த அக்காவின் முகத்தில் காற்று வந்து விழுந்தது, தலைமயிர் அசைந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். த்தூ.

கடிதம் வரவில்லை. பதவி வேறொருவருக்குப் போனது. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து அத்தான் தன் தமக்கை வீட்டுக்குத் திரும்பினார். சோபாவை வண்டியில் ஏற்றினார். கதிரையை மட்டும் பார்க்கவே கூசியதோ என்னவோ, விட்டுவிட்டுப் போனார்.

வீடு எனக்கு வந்தது. இன்று கிழக்கு வாசலோரம் ஒரு சாமானும் இல்லை. அத்தானை நான் வைது முடிக்கவில்லை, சாகும்வரை வைவேன். ஆனால் அவர் போன மறுநாள் அந்தக் கதிரையை எடுத்துக் கோழிக்கூட்டடியில் போட்டது நான்தான். உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. அக்கா இருந்தவரை நான் தொடாத கதிரையை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு போனேன். அது அவ்வளவு பாரமில்லை.